மைலுக்கு 200 அடி: கையேட்டில் 730 இருந்தால் போதாதா?

கேள்வி, ஜூன் 9

"அண்ணா, அரிசோனாவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐ.எஃப்.ஆர். (வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறக்கும் விதி) புறப்பாட்டுக்குக் குறைந்தது 200 அடி ஏறணும் என்கிறார்கள். நான் ஓட்டும் சின்ன விமானம் செஸ்னா 172எஸ்-இன் கையேட்டில் 730 அடி ஏறும் என்று போட்டிருக்கிறது. மூன்று மடங்குக்கு மேலேயே இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு கணக்கு? பரீட்சைக்காக மட்டும்தானே?"

ஜூன் 9, இரவு

தம்பி, அந்த 200-ஐயும் இந்த 730-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. 730 என்பது நிமிடத்துக்கு. 200 என்பது மைலுக்கு, அதுவும் நாட்டிகல் மைலுக்கு. மலைக்கு உன் கடிகாரம் தெரியாது. அது நிற்கும் இடத்துக்கு நீ வந்து சேர்வதற்குள் எவ்வளவு உயர்ந்திருக்கிறாய் என்பதுதான் விஷயம்.

ஒன்றை மற்றொன்றாக மாற்ற: மைலுக்கு எத்தனை அடியோ, அதைத் தரைவேகத்தால் (தரைக்கு மேலே நீ நகரும் வேகம்) பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும். 90 நாட் வேகத்தில் (மணிக்கு 90 நாட்டிகல் மைல்) போனால் 200 × 90 ÷ 60 = 300. 120 நாட்டில் 400. மனக்கணக்காக ஒரு வழி உண்டு. 60 நாட்டில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மைல், ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றே. 90 என்றால் ஒன்றரை மடங்கு, 120 என்றால் இரண்டு மடங்கு. காக்பிட்டில் இதற்கு மேல் கணக்குப் போட நேரமும் இருக்காது.

கவனி, பெருக்குவது தரைவேகத்தால். மீட்டரில் காட்டும் வேகத்தால் பெருக்கினால் விடை தப்பு. இதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், எனக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

ஜூன் 10, அதிகாலை

கதைக்கு முன்னால், 200 எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இது தெரிந்தால்தான் அதில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று புரியும்.

அமெரிக்க முறையில் ரன்வேயின் கடைசியிலிருந்து ஒரு சாய்தளம் வெளியே போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 40 அடி முன்னே போனால் 1 அடி உயரும். ஒரு நாட்டிகல் மைல் 6,076 அடி. 40-ஆல் வகுத்தால் 152. எந்த மரமும் கோபுரமும் மலையும் இந்தத் தளத்தைத் துளைக்கவில்லை என்றால் 200 போதும் என்பார்கள். அதாவது தடைக்கும் உங்களுக்கும் நடுவில் மைலுக்கு மைல் 48 அடி கூடிக்கொண்டே போகும். முதல் மைல் முடிவில் 48, ஐந்தாவது மைலில் 240. ஏதாவது துளைத்தால்தான் புறப்பாட்டுத் தாளில் (அந்த விமான நிலையத்துக்கென்று வெளியிடும் பாதைக் குறிப்பில்) 200-க்கு மேற்பட்ட எண் ஏறும்: "மைலுக்கு இத்தனை அடி, இந்த உயரம் வரை" என்று.

இதற்குள் இன்னும் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ரன்வே கடைசியைக் குறைந்தது 35 அடி உயரத்தில் தாண்டியிருக்க வேண்டும். அதைவிட 400 அடி மேலே போகும்வரை திரும்பக் கூடாது. பாதி ரன்வேயில் எழும்பிவிட்டோம், 300 அடி வந்துவிட்டது, திரும்பலாம் என்று திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பறப்பது யாரும் அளந்து பார்க்காத வானத்தில்.

48 அடி என்பது ஒரு தென்னை மரத்தைவிடக் குறைவு. முதல் மைலில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அதையும் விமானமும் காற்றும் வெயிலும் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஜூன் 10, இரவு

இப்போது கதை. நான் ஃபீனிக்ஸ் பக்கம் படித்தவன். அங்கே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் அடியில். வெயில் கொளுத்தினாலும் 172 எப்படியோ ஏறிவிடும். ஒரு ஜூன் மாதப் பிற்பகலில் பயிற்றுநரும் நானும் ஃபிளாக்ஸ்டாஃப் போயிருந்தோம். விமான நிலையம் 7,014 அடி உயரம். ரன்வே 8,800 அடி நீளம், அதைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. இவ்வளவு நீளம் இருக்கும்போது என்ன கவலை!

நீளம் எழும்புவதற்கு உதவும். ஏறுவதற்கு உதவாது.

அன்று 25 டிகிரி. ஃபீனிக்ஸிலிருந்து போனவனுக்கு அது ஊட்டி மாதிரி இருந்தது. ஆனால் 7,000 அடியில் நியமக் காற்றின் வெப்பம் 1 டிகிரிதான் (15-இலிருந்து ஆயிரம் அடிக்கு 2 குறைத்துக்கொண்டே வாருங்கள்). 24 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று வைத்தால் 2,880. ஆக, டென்சிட்டி ஆல்டிடியூட் (காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம்) 9,900 அடிக்குப் பக்கம். தரையில் நின்றுகொண்டிருக்கும்போதே இன்ஜினுக்கும் இறக்கைக்கும் பத்தாயிரம் அடியில் இருக்கும் உணர்வுதான்.

172எஸ் முழு எடையில் கடல் மட்டத்தில் 730 அடி ஏறும், அதன் சர்வீஸ் சீலிங் 14,000 அடி. சர்வீஸ் சீலிங் என்றாலே நிமிடத்துக்கு 100 அடிதான் ஏறும் உயரம். இரண்டுக்கும் நடுவே நேர்கோடு இழுத்தால் ஆயிரம் அடிக்கு 45 வீதம் குறையும். 9,900-இல் மிச்சம் இருப்பது 285. மீட்டரில் 72 நாட் வைத்திருந்தாலும், மெல்லிய காற்றில் உண்மை வேகம் ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் கூடும், அதாவது சுமார் 86. காற்றே இல்லாத நாளில் 285 × 60 ÷ 86 = 199.

நன்றாகப் பாருங்கள். 730-இல் ஆரம்பித்தது, சக்கரம் தரையை விட்ட இடத்திலேயே 199 ஆகிவிட்டது. தேவை 200.

இந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை. கருவிகளை மட்டும் பார்த்துப் பழகுவதற்காகக் கண்ணை மறைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரன்வே 21-இல் தென்மேற்குக் காற்றை எதிர்த்துப் புறப்பட்டேன். மிக்ஸ்சர் (காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்கும் என்பதை மாற்றும் பிடி) முழுக்க ரிச். ஃபீனிக்ஸ் பழக்கம், கை தானாக உள்ளே தள்ளிவிட்டது. வி.எஸ்.ஐ. (நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறோம் என்று காட்டும் கருவி) முள் 200-க்கும் 150-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. நான் மூக்கைக் கொஞ்சம் தூக்கினேன். வேகம் 65-க்கு இறங்கியதே தவிர முள் அசையவில்லை. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் என் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டார். கீழே பைன் மரங்கள், ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர் கையை நீட்டி மிக்ஸ்சரை மெதுவாக வெளியே இழுத்தார். இன்ஜின் சத்தம் மாறியது, ஆர்.பி.எம். ஏறியது, முள் 250-க்குப் போனது. "இந்த நிமிடம் நாம் மேகத்துக்குள் இருந்தால் எந்த எண்ணை நம்பியிருப்பாய்?" என்று கேட்டார். என்னிடம் எண்ணே இல்லை.

வட்டமடித்து வந்து இறங்கிவிட்டோம். அன்று மாலை விமான நிலையத்து நிழலில் உட்கார்ந்துதான் மேலே உள்ள கணக்கை முதல்முறையாகப் போட்டேன். கை நடுங்கியது நினைவிருக்கிறது.

ஜூன் 11, காலை

திருத்தம். 2 சதவீதக் குறுக்குவழி கொஞ்சம் தாராளமானது என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. 10,000 அடியில் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 0.74 பங்கு, வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் 16 சதவீதம்தான் கூடும். ஆக 86 அல்ல, 84. கிரேடியன்ட், அதாவது மைலுக்கு ஏறும் அடி, 199 அல்ல, 204.

நான்கைந்து அடி வித்தியாசம். குறுக்குவழி தப்பும்போது நம்மைக் காப்பாற்றும் பக்கமாகத் தப்புகிறது என்பதால் தொடர்ந்து அதையே பயன்படுத்துவேன். ஆனால் "204 இருக்கிறது, 200-தான் தேவை, போகலாம்" என்று இதைப் படிக்காதீர்கள். கையேட்டு எண்கள் புது விமானம், புது இன்ஜின், தேர்ந்த கை, சரியான மிக்ஸ்சர் இவற்றோடு வந்தவை. பயிற்சி விமானங்களின் நிலைமை நமக்குத் தெரியும். என் கணக்கில் கையேட்டு ஏற்றத்திலிருந்து கால் பங்கைத் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இது விதி இல்லை, என் பழக்கம்.

ஜூன் 11, பிற்பகல்

"வேகத்தைக் குறைத்தால் மைலுக்கு அதிகம் ஏறுமே, வி.எக்ஸ். எதற்கு இருக்கிறது?" என்று கேட்டவருக்கு. உண்மைதான், கடல் மட்டத்தில். அங்கே வி.எக்ஸ். (மைலுக்கு அதிகம் ஏறும் வேகம்) 62, வி.ஒய். (நிமிடத்துக்கு அதிகம் ஏறும் வேகம்) 74, நடுவில் 12 நாட். 10,000 அடியில் வி.எக்ஸ். 67, வி.ஒய். 72, நடுவில் 5-தான். உயரம் போகப்போக இரண்டும் நெருங்கி, விமானம் இனி ஏறவே முடியாத உயரத்தில் ஒன்றாகிவிடும். எங்கே உங்களுக்கு வி.எக்ஸ். ரொம்பத் தேவையோ, அங்கே அதன் பலன் மிகக் குறைவு. இன்ஜின் சூடாவது வேறு. நான் அன்று மூக்கைத் தூக்கியும் ஒன்றும் கிடைக்காததற்கு இதுவும் காரணம்.

ஜூன் 12

காற்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கு இதுதான் முக்கியம்.

தாளில் இருக்கும் கிரேடியன்ட், தரையில் அளந்த மைலுக்கு. உங்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அந்தக் கணக்கில் கிடையாது. எதிர்காற்றில்தான் புறப்படுவோம், ஆகவே முதல் மைலில் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு திரும்புவீர்கள். திரும்பியதும் அதே காற்று முதுகுக்கு வந்துவிடும்.

ஃபிளாக்ஸ்டாஃப் எண்களையே எடுங்கள். எதிர்காற்று 15 நாட் என்றால் தரைவேகம் 69: 285 × 60 ÷ 69 = 248. பரவாயில்லை! திரும்பியபின் தரைவேகம் 99: 173. மீட்டரில் 72 அப்படியே இருக்கும். வி.எஸ்.ஐ. முள்ளும் அசையாது. இன்ஜின் சத்தமும் அதேதான். காக்பிட்டில் மாறுவது ஜி.பி.எஸ்.ஸில் ஓர் எண் மட்டும். வடக்கே ஹம்ஃப்ரீஸ் சிகரம் 12,600 அடிக்கு மேல் நிற்கிறது. தென்மேற்குக் காற்று உங்களை அந்தப் பக்கம்தான் தள்ளும்.

அதனால் என் வழக்கம் இது: புறப்படும் திசைக்குக் கணக்குப் போடாதீர்கள். பாதையில் காற்று முழுதாக முதுகில் அடிக்கும் துண்டு எது என்று பார்த்து அதற்குப் போடுங்கள். தேவையான நிமிட வேகத்தை எழுதி முழங்கால் பலகையில் வட்டம் போட்டு வையுங்கள். அமெரிக்கத் தாள் தொகுப்பிலேயே தரைவேகத்துக்கும் கிரேடியன்டுக்கும் அட்டவணை இருக்கிறது, ஆனால் அதில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதைக் காற்றுதான் சொல்லும்.

ஜூன் 12, இரவு

ஒருவர் எழுதியிருக்கிறார்: "தனிப்பட்ட பயணத்தில் பறப்பவர்களுக்குப் புறப்பாட்டுக் குறைந்தபட்சம் சட்டப்படி பொருந்தாது. எதற்கு மற்றவர்களைப் பயமுறுத்துகிறீர்கள்?"

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்க விதி 91.175-இல் புறப்பாட்டுக் குறைந்தபட்சம் (புறப்படக் குறைந்தது எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது) வாடகைக்கும் வணிகத்துக்கும் ஓட்டுபவர்களுக்குத்தான். தன் விமானத்தை ஓட்டுபவர் மூடுபனியில் ரன்வேயே தெரியாமல் புறப்பட்டாலும் அந்த விதி தடுக்காது. ஆனால் மலைக்கு இரண்டு சட்டப் பிரிவு கிடையாது. அனுமதியில் ஒரு எஸ்.ஐ.டி. (தாளில் வரைந்த புறப்பாட்டுப் பாதை) வந்து அதை ஏற்றுக்கொண்டால், அதில் உள்ள கிரேடியன்டையும் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். முடியாது என்றால் முடியாது என்று தரையிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

சான் டியாகோவின் பிரவுன் ஃபீல்டு விமான நிலையம். உயரம் 526 அடி. கிழக்கே ஓட்டாய் மலை, 3,566 அடி. 1991 மார்ச் 16 பின்னிரவில் பாடகி ரீபா மெக்கன்டைரின் இசைக்குழுவினர் சென்ற ஜெட் அந்த மலையில் மோதி 10 பேரும் இறந்தார்கள். 2004 அக்டோபர் 24 இரவு ஒரு லியர்ஜெட் அதே மலையில் மோதி 5 பேர் இறந்தார்கள். இரண்டும் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் புறப்பட்டு, ஐ.எஃப்.ஆர். அனுமதியை மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவை. 13 வருட இடைவெளியில், அதே மலை.

ஜூன் 13

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிரவுன் ஃபீல்டு உதாரணத்தைக் கிரேடியன்ட் கணக்கோடு போட்டுக் குழப்பிவிட்டேன். அந்த இரண்டு ஜெட்டுகளுக்கும் ஏறும் சக்தி தாராளமாக இருந்தது. தாளில் உள்ள பாதையில் போகாததுதான் அங்கே நடந்தது. ஆனால் எடுத்துவிட மாட்டேன். ஏனென்றால் எண்ணும் பாதையும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. எண்ணைத் தேடுகிறவன் பாதையையும் பார்த்துவிடுவான்.

இன்னொன்று. 200-க்கு மேல் எண் போடவில்லை என்பதால் பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். ரன்வே கடைசியிலிருந்து 200 அடி உயரத்துக்குள் முடிந்துபோகும் தடைகளுக்குக் கிரேடியன்ட் போட மாட்டார்கள். மரம் இத்தனை அடி தூரத்தில், கம்பம் இத்தனை அடி உயரத்தில் என்று குறிப்பாக மட்டும் எழுதியிருப்பார்கள். பொடி எழுத்து. பலர் படிப்பதே இல்லை. 172 மாதிரி மெல்ல ஏறும் விமானத்துக்கு அந்தப் பொடி எழுத்துதான் முதல் ஆபத்து.

ஜூன் 14

சென்னையிலிருந்து ஏர்பஸ் 320 ஓட்டும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தாள்களில் சதவீதம்தானே வருகிறது, இந்த 200 எங்கே?" அக்கா, அதுவேதான் இது. சர்வதேச முறையில் வழக்கமான எண் 3.3 சதவீதம், 6,076-ஐ அதால் பெருக்கினால் 200. அதில் 2.5 தடைத் தளத்துக்கு, 0.8 இடைவெளிக்கு. தொடங்கும் உயரம் 35 அடிக்குப் பதில் 5 மீட்டர், திரும்பும் உயரம் 120 மீட்டர். சதவீதத்தில் மனக்கணக்கு இன்னும் சுலபம்: தரைவேகத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் போதும். 160 நாட்டில் 3.3 என்றால் 528. துல்லியமாகப் போட்டால் 535.

அவர் எழுப்பிய இன்னொரு விஷயம் சின்ன விமானக்காரர்களும் படிக்க வேண்டியது. எஸ்.ஐ.டி. எண்கள் எல்லா இன்ஜினும் ஓடுகின்றன என்ற கணக்கில் வருபவை. இரட்டை இன்ஜின் ஜெட்டுக்குச் சான்றிதழ் தரும்போது, ஓர் இன்ஜின் நின்றபின் சக்கரம் மடித்த நிலையில் கேட்பது 2.4 சதவீதம், அதாவது மைலுக்கு 146 அடி. 3.3-க்கு அது எட்டாது. அதனால்தான் நிறுவனங்கள் இன்ஜின் நின்றால் போக வேண்டிய பாதையைத் தனியாக வரைந்து வைத்திருக்கின்றன. "என் பெரிய விமானத்துக்கு இந்தக் கவலை இல்லை" என்று சொல்ல முடியாது, கவலையின் பெயர்தான் வேறு.

ஜூன் 17

முதல் கேள்வி கேட்ட தம்பி கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான். ரொம்ப சந்தோஷம். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து காலை 6 மணி, 10 டிகிரி, காற்று இல்லை. டென்சிட்டி ஆல்டிடியூட் 8,080. ஏற்றம் 366. உண்மை வேகம் 81. மைலுக்கு 271. "200-க்கு மேல் 71 இருக்கிறது அண்ணா" என்று எழுதியிருக்கிறான்.

கணக்கு சரி, ஆனால் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போட்டிருக்கிறாய். அது ரன்வேயில் போட்டது. நீ அங்கேயே நிற்கப் போவதில்லையே! அதே காலையில் 9,000 அடிக்குப் போ. அங்கே டென்சிட்டி ஆல்டிடியூட் 10,080. ஏற்றம் 276. உண்மை வேகம் 84. மைலுக்கு 197. தாளில் "இந்த உயரம் வரை" என்று போட்டிருக்கிறதே, அந்த உயரத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை என்று மறுபடி போட்டுப் பார். கீழே கிடைத்த உபரியை மேலே கொஞ்சம் செலவழிக்கலாம்தான், ஆனால் அது எவ்வளவு என்று தெரிந்து செலவழி.

பிற்பகல் 25 டிகிரியில் 9,000 அடிக்குப் போட்டால் 136 வருகிறது. நானே இன்று காலைதான் போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 17, சிறிது நேரம் கழித்து

"போதவில்லை என்றால் என்ன செய்வது?" என்று கேட்கிறான். விடியற்காலையில் போ. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு நடுவில் ஓர் இடத்தில் நிரப்பிக்கொள். 172-இல் ஒரு ஆளின் எடை குறைந்தாலே முள் வித்தியாசம் காட்டும். மலை இல்லாத பக்கம் போகும் ரன்வேக்குப் பாதை இருக்கிறதா பார். சில விமான நிலையங்களில் வானம் தெளிவாக இருந்தால் நிலையத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி ஏறிவிட்டு, பிறகு பாதையில் சேரும் வழியும் தாளில் இருக்கும். அதில் நேரம் போகும், போகட்டும். இது எதுவும் இல்லை என்றால் அன்று அறை எடுத்துத் தங்கு. நான் இரண்டு முறை தங்கியிருக்கிறேன்.

தாள் பழசா என்று பார்க்க மறக்காதே, புதுசு வந்துகொண்டே இருக்கும். எண்ணை என்னிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ எடுக்காதே, அன்றைய தாளிலிருந்து எடு.

ஜூன் 21

தம்பி போய் வந்துவிட்டான். தெளிவான காலை, பக்கத்தில் பயிற்றுநர். மிக்ஸ்சரைப் புறப்படும் முன்பே சரி செய்தானாம். 8,500 அடியில் முள் 250, ஜி.பி.எஸ்.ஸில் 88. நீங்களே போட்டுப் பாருங்கள்: 170. தாளில் போட்ட கணக்கில் அந்த உயரத்தில் 214-க்குப் பக்கம் வர வேண்டும். காற்றே இல்லை என்று நினைத்த காலையில் மேலே நாலைந்து நாட் பின்காற்று இருந்திருக்கிறது, மீதியை விமானத்தின் வயது எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை 7,500-இலும் 9,000-இலும் முள்ளையும் ஜி.பி.எஸ்.ஸையும் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த விமானத்துக்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.